கூலாயில் வெள்ளிக்கிழமை

ஜோகூர் மாநிலத்து உலு திராமில் கம்பெனி பஸ் ஓட்டுகிற வாலண்டைனைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: ஆள் யாருக்காகவும் காத்திருக்க மாட்டான். விடிகாலை ஐந்தரைக்கு பஸ் என்றால் ஐந்தரைதான். தாமான் குடியிருப்பு முனையிலிருந்து ஒரு பெண் தலைகூட வாராமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். இவன் அவளைக் கண்ணாடியில் பார்ப்பான். பார்த்துக்கொண்டே கியரைப் போடுவான். மறுநாள் அவள் சண்டைக்கு வந்தால், "உனக்காக நின்னா உள்ள உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் லேட்டுலா," என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகுவான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

கேட்பதற்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷன் வந்த வழியைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரி பொறுக்கினாள். தோட்டம் கைமாறி வீடு கட்டப் போனபோது குடும்பம் உலு திராமுக்கு வந்து சேர்ந்தது. படிப்பு ஏறவில்லை. லாரியில் டிரைவருக்கு உதவியாளாக, கெலிண்டானாக ஏறி மூட்டை தூக்கி, அப்படியே ஸ்டியரிங் பழகி, லைசென்ஸ் எடுத்து, செனாய்ப் பக்கத்து ஃபேக்டரி ஒன்றுக்கு பஸ் ஓட்ட வந்தான். கையில் பட்டமில்லை, பின்னால் ஆளில்லை. "வாலண்டைன் பஸ் லேட்டாகாது" என்ற பேர் ஒன்றுதான் அவன் வாழ்க்கையில் சம்பாதித்தது. அதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வராது.

அப்பேர்ப்பட்டவன் ஒருத்திக்காக இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தான். காத்திருந்ததில் குற்றமில்லை. எங்கே கோட்டை விட்டான் என்பதுதான் வயிறு எரிகிற சங்கதி.

அந்த ஒருத்தி எவ்லின், அவன் மனைவி. சாஆ என்ற ஊரில் வளர்ந்தவள். மாதா கோவிலில் பாட்டுக் குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். ஒரே மகள், சமந்தா, செல்லமாகச் சம். பிள்ளைக்கு நாலு வயதானபோது எவ்லினுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது, விமானச் சாப்பாடு பொட்டலம் கட்டுகிற பெரிய சமையல்கூடத்தில். இருட்டோடு எழுந்து எல்லைப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வந்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்போது போவாள், தூங்கிய பிறகு வருவாள். உடம்பு தாங்கவில்லை என்று அங்கேயே உட்லண்ட்ஸில் நாலு பெண்களோடு ஓர் அறை எடுத்தாள். வார நாளெல்லாம் அங்கே, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு என்று ஆயிற்று.

வாலண்டைனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் உட்கார்ந்து பேசலாம். இவன் பேசுகிற ஆளில்லை, குத்துகிற ஆள். "நீ இவளுக்கு அம்மாவா, இல்ல வாரத்துக்கு ஒரு தடவ வர்ற விருந்தாளியா?" என்று ஒரு நாள் கேட்டான், பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே. எவ்லின் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கூலாயில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தாள். கேட்டுக்கு வெளியே எவ்லின், உள்ளே வாலண்டைன். பிள்ளையின் ஒரு கை அவளிடம், இன்னொரு கை இவனிடம். சமந்தா வீறிட்டு அழுதாள். எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா ஓடி வந்து இரண்டு பேர் கையையும் பிரித்துவிட்டாள். பிள்ளையின் தோள் வீங்கிப்போய் ஒரு வாரம் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அந்த வெட்கத்தோடுதான் இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

நீதிபதி கெட்டவர் இல்லை. வார நாளெல்லாம் தாய் சிங்கப்பூரில் இருக்கிறாள், தகப்பன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவன் அக்கா இருக்கிறாள், அதனால் பிள்ளை தகப்பனிடம் வளரட்டும் என்றார். தாய் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை பிள்ளையோடு இருக்கலாம். ஒப்படைக்கிற இடம் கூலாய் மேடான் செலேரா, சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கிற பொது இடம். ஒருவர் வீட்டு வாசலுக்கு இன்னொருவர் போகக் கூடாது. பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பக்கமும் தாய் போகக் கூடாது. தோள் வீங்கிய கதையைப் படித்தவர் வேறெப்படி எழுதுவார்?

ஏன் வெள்ளிக்கிழமை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஜோகூரில் பத்துப் பதினோரு வருஷமாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை போர்த்திக்கொண்டு தூங்கும்போது ஜோகூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் இங்கே ஞாயிறு மாதிரி. ஆகவே கோர்ட் பேப்பரில் வெள்ளி என்று விழுந்தது.

ஆனால் எவ்லின் வேலை பார்த்தது சிங்கப்பூரில் அல்லவா? அங்கே வெள்ளிக்கிழமை வேலை நாள். முதல் சில வாரம் லீவு போட்டு வந்தாள். சமந்தாவைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்து, பின்னல் போட்டு அனுப்பினாள். பிறகு லீவு தீர்ந்தது. ஒரு வெள்ளி வருவாள், இரண்டு வெள்ளி வரமாட்டாள். அதைப் பற்றி போனில் பேச்சு தடித்தது. "எதுன்னாலும் லாயர்கிட்ட பேசு, என்கிட்ட பேசாத," என்று சொல்லி வாலண்டைன் அவள் நம்பரை பிளாக் செய்தான். அதற்கப்புறம் அவள் அறவே வரவில்லை. அவள் பக்கத்திலும் தப்பு இருக்கிறது, மறைப்பதற்கில்லை. லீவு கேட்டு மேனேஜரிடம் கெஞ்சி அலுத்துப்போய், முகம் கொடுக்க வெட்கப்பட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் பிள்ளையைப் பார்க்காமல் இருந்தாள்.

வாலண்டைன் மட்டும் விடவில்லை. "நீங்க ஒரு வாரம் கூட்டிட்டுப் போகலைன்னாலும், பிள்ளையை மறைக்கிறாருன்னு அந்தம்மா கோர்ட்ல சொல்லிடலாம்," என்று லாயர் சொல்லியிருந்தார். இவனுக்கு அந்த பேப்பர் பஸ் அட்டவணை மாதிரி ஆகிவிட்டது. ஏறுகிற ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பஸ் போய் நிற்கத்தானே வேண்டும்.

அதனால் வெள்ளிதோறும் கூலாய்க்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை அந்த மேடானில் பாதிக் கடை மூடியிருக்கும். மலாய்க் கடைக்காரர்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள். ஓரத்தில் ஒரு தமிழ்க் கடை, பேச்சியம்மாள் கறிக்கடை என்று போர்டு. கோழிப் பிரட்டலும் ஆட்டுக்கறியும்தான் அங்கே வியாபாரம். வெள்ளிக்கிழமை அங்கே வருகிற இந்துக்கள் மச்சம் மாமிசம் தொட மாட்டார்கள் என்பதால் அன்றைக்கு மட்டும் ஷட்டர் இறங்கியிருக்கும். அந்த மூடிய ஷட்டருக்கு முன்னால் இருக்கிற மேசைதான் இவர்களுடைய இடம். சமந்தா ஒரு நாற்காலியில், இவன் ஒரு நாற்காலியில். மூன்றாவது நாற்காலியை யாரும் இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று சமந்தா தன் பையை அதன்மேல் வைப்பாள்.

"மம்மி வருவாங்களா டேடி?"

"பாப்போம்மா."

மைலோ வரும். வரைகிற புத்தகம் வெளியே வரும். மம்மியுடையதைப் போலச் சிவப்பு பிளவுஸ் போட்ட எந்தப் பெண் தூரத்தில் தெரிந்தாலும் சமந்தா எழுந்து நிற்பாள், பிறகு உட்காருவாள். ஐந்து மணி அடித்ததும் பையை நாற்காலியிலிருந்து அவளே எடுத்துக்கொள்வாள். ஒரு தடவைகூட அடம் பிடித்ததில்லை. அடம் பிடித்திருந்தால் அவனுக்கு லேசாக இருந்திருக்கும். பேசாமல் காரில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொள்கிற பிள்ளையைப் பார்ப்பதுதான் அவனுக்குத் தாங்காது. அந்தத் துக்கத்தையெல்லாம் வீடு போய்ச் சேருவதற்குள் எவ்லின் மேல் கோபமாக மாற்றிக்கொள்வான். கோபம் என்றால் அவனுக்குச் சுமக்கத் தெரியும்.

2025 பிறந்தபோது ஜோகூரில் விடுமுறை மாறியது. பழையபடி சனியும் ஞாயிறும் லீவு, வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம். ஊரெல்லாம் அதே பேச்சு. அவனுடைய அக்கா அமலோற்பவம், சமந்தாவைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள், சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"லீவே மாறிப்போச்சுடா. எவ்லினுக்கு ஒரு போன் போட்டு இனிமே எந்த நாளுன்னு கேட்டுடேன்."

"பேப்பர்ல வெள்ளின்னு போட்டிருக்கு."

"வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு ஸ்கூல்டா."

"ஸ்கூல் முடிஞ்சு கூட்டிட்டுப் போறேன். நாளை நானா மாத்துனா, நான்தான் ஏமாத்துறேன்னு சொல்லுவா. அவ ஒழுங்கா வர்றவளா இருந்தா கேக்கலாம். வராதவளுக்கு எந்த நாளா இருந்தா என்னக்கா?"

அமலோற்பவம் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். ஃபேக்டரி ஷிப்டுக்கு வெள்ளியும் ஒன்று, ஞாயிறும் ஒன்று. ஊர் லீவு மாறினது வாலண்டைன் பஸ்ஸுக்கு உறைக்கவே இல்லை. அவனுக்குத் தெரிந்தது அட்டவணை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் சமந்தாவைச் சீருடையோடு ஏற்றிக்கொண்டு கூலாய்க்குப் பறப்பான். போய்ச் சேர இரண்டு மணி தாண்டிவிடும். அதே மூடிய ஷட்டர், அதே மேசை, நாற்காலியில் இப்போது பள்ளிப் பை. ஐந்து மணி வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்புவார்கள்.

சமந்தாவின் எட்டாவது பிறந்த நாளும் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு அவள் கேட்கவில்லை, சொன்னாள்: "இன்னைக்கு மம்மி வருவாங்க. பர்த்டேல்ல." வகுப்பில் கொடுத்த மிட்டாயில் இரண்டை மம்மிக்கென்று எடுத்து வைத்திருந்தாள். ஐந்து மணி ஆனது. "இன்னும் கொஞ்ச நேரம் டேடி," என்றாள், முதல் தடவையாக. அவன் இருந்தான். ஐந்தரை ஆனது. மிட்டாய் அவள் கைச்சூட்டில் இளகி விரலெல்லாம் ஒட்டியது. அதைக் குழாயில் கழுவிவிடும்போதுதான் வாலண்டைன் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"இனிமே இங்க வர வேணாம்மா. உங்க மம்மிக்கு நம்ம வேணாம். நம்மள மறந்துட்டாங்க."

சமந்தா கையைச் சீருடையில் துடைத்துக்கொண்டாள். "சரி டேடி," என்றாள்.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லும்போது அவள் வழக்கமாக டேடி, மம்மி, அத்தை என்று வரிசையாகச் சொல்லி ஆசீர்வதிக்கக் கேட்பாள். அன்றைக்கு டேடி, அத்தை என்று முடித்துவிட்டாள். மறுநாளும் அப்படித்தான். வாலண்டைன் கவனித்தான். ஒரு தகப்பன் அங்கேயே பிள்ளையை நிறுத்தித் திருத்தியிருக்க வேண்டும். இவன் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னான். பிள்ளை இனிமேல் ஏமாற மாட்டாள் என்று அவனுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது, பாவி மனுஷனுக்கு.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பிரேக் சரியில்லை என்று கூலாயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார்கள். முடிய மத்தியானம் ஆகும் என்றான் சீனத்துப் பையன். பசி. கால் தானாக மேடானுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் அந்த இடத்தை அவன் பார்த்ததே இல்லை. ஒரே கூட்டம், எல்லாக் கடையும் திறந்திருந்தது. அந்த ஷட்டரும் மேலே போயிருந்தது. உள்ளே தலையில் துண்டு கட்டிய அம்மா ஒருத்தி கோழிப் பிரட்டல் கிளறிக்கொண்டிருந்தாள், பேச்சியம்மாளேதான். பழக்கத்தில் அவன் பழைய மேசையில் உட்காரப் போனான்.

"அண்ணே, அந்த மேசை வேணாண்ணே, கோவிச்சுக்காதீங்க. பக்கத்துல உட்காருங்க."

"ஏம்மா, ரிசர்வா?"

"ஒரு தங்கச்சி வரும்ணே. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரும். அதுக்குன்னு விட்டு வைக்கிறது." தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே பேசினாள். பேசப் பிடித்த வாய். "பாவம்ணே. புருஷன் பிள்ளைய வச்சுக்கிட்டுக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறானாம். கோர்ட்டு இங்கதான் கொண்டாந்து விடச் சொல்லியிருக்கு. அவன் ஒரு நாள் வரலியே. இந்த வருசம் பொறந்ததுல இருந்து பாக்கிறேன். அது வந்து உட்காரும், ஒரு மைலோ வாங்கி எதிர்ல வைக்கும், பைய ஒரு நாக்காலில வைக்கும், சாயங்காலம் போயிரும். ஒரு வாட்டி கேக்கு வாங்கிட்டு வந்துச்சு, பிள்ளைக்குப் பொறந்த நாளு வெள்ளிக்கிழமையே போயிருச்சு, இன்னைக்காவது வெட்டலாம்னு. யாரு வந்தா? என் கடைப் பிள்ளைங்கதான் தின்னுச்சுங்க. அந்தாளு நல்லா இருப்பானா? நீங்களே சொல்லுங்கண்ணே."

வாலண்டைன் தட்டைப் பார்த்தான். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"கறி காரமாண்ணே?"

"இல்லம்மா."

"மைலோ போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேக்காது. யாரும் குடிக்காம ஆறிப்போயிரும், சாயங்காலம் நான்தான் கீழ ஊத்துவேன்."

"இன்னைக்கு வருவாங்களா?" என்று கேட்டான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"வராமயா. இந்நேரத்துக்கு வந்திருக்கணும், பஸ்ஸு லேட்டுப் போல."

அவன் எழுந்து போயிருக்கலாம். போகாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரத்தில் எவ்லின் வந்தாள். இளைத்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அந்த மேசைக்கு வந்து பையை நாற்காலியில் வைத்த பிறகுதான் பக்கத்து மேசையைப் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண் அவனை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் தேடியது.

"சம் எங்க?"

"வரல. நான் வேற வேலையா வந்தேன்."

அவள் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு எவ்லின்தான் கேட்டாள், சண்டை தொனியே இல்லாமல்.

"ஏங்க, நான் அப்படி என்ன பாவம் செஞ்சேன்? வராம இருந்தேன், ஒத்துக்கிறேன். அதுக்காக இத்தன மாசம் கண்ணுலயே காட்டாம இருப்பீங்களா?"

"நான் கூட்டிட்டு வந்தேன் எவ்லின். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தோம்."

"வெள்ளிக்கிழமை ஸ்கூல் இருக்கே."

"ஸ்கூல் முடிஞ்சு வந்தோம். பேப்பர்ல அப்படித்தானே இருக்கு."

எவ்லின் அவனையே பார்த்தாள். "லீவு மாறிடுச்சேங்க. வெள்ளிக்கிழமை லீவு ஞாயித்துக்கிழமைக்குப் போச்சு, அப்ப என் நாளும் ஞாயித்துக்கிழமைதானேன்னு நெனச்சேன். எனக்கும் அன்னைக்குத்தான் ஆஃப். இனிமே ஒரு வாரம் விடாம பாக்கலாம்னு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? மெசேஜ் போட்டேன். ஒத்த டிக்கோட நின்னுடுச்சு. வேணும்னே தர மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சேன். வீட்டுப் பக்கம் வந்தா கோர்ட்ல ஏதாச்சும் ஆயிடும்னு பயந்துக்கிட்டு இங்கயே உட்கார்ந்திருந்தேன்."

ஒரே மேசை. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் பிள்ளை பையை வைத்துக் காத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் தாய் பையை வைத்துக் காத்திருந்தாள். நடுவில் ஒரு சனிக்கிழமை. அலமாக், இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"என்னைக் கேக்கிறாளா?" என்றாள் எவ்லின்.

"முன்ன கேப்பா."

"இப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. "நான் சொல்லிட்டேன் எவ்லின். நீ நம்மள மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. அவள் மேசையில் காய்ந்திருந்த குழம்புக் கறையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நம்பிட்டாளா?"

"நம்பிட்டா."

பேச்சியம்மாள் வழக்கம்போல் மைலோவைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கொஞ்சம் முன்னால் திட்டியதை நினைத்து வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த ஞாயிறு கூட்டி வருகிறேன் என்று மட்டும் வாலண்டைன் சொன்னான். அந்த இடத்திலேயே போனை எடுத்து பிளாக்கை நீக்கினான்.

அந்த வாரம் முழுக்க அவன் வார்த்தை தேடினான். சாப்பாட்டு மேசையில் வாயைத் திறப்பான், மூடுவான். ஜெபத்தில் அவனே "மம்மிய ஆசீர்வதியும்" என்று சேர்த்துச் சொன்னான். சமந்தா ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். சொல்ல வேண்டிய நாளெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசையும் மறைக்கல்வி வகுப்பும் முடிந்து காரில் ஏறிய பிறகுதான் சொன்னான்.

"மம்மியைப் பாக்கப் போறோம்மா."

செனாய் தாண்டும்போதுதான் சமந்தா கேட்டாள், "எந்த மம்மி?"

"என்னம்மா இது, உன் மம்மிதான். மம்மி ஒவ்வொரு வாரமும் வந்தாங்களாம். நாள் மாறிப்போச்சு. நம்ம வெள்ளிக்கிழமை போனோம், அவங்க ஞாயித்துக்கிழமை வந்தாங்க."

"மறந்துட்டாங்கன்னு சொன்னீங்க."

"டேடி தப்பா சொல்லிட்டேன்மா."

"அப்ப இப்ப சொல்றது?"

வாழ்நாளெல்லாம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவன், அவன் சொல்லை யாரும் சந்தேகப்பட்டதில்லை. எட்டு வயதுப் பிள்ளை சந்தேகப்பட்டாள். அவளிடம் நியாயம் இருந்தது.

மேடானுக்கு வெளியே மரத்தடியில் காரை நிறுத்தினான். எவ்லின் வாசலிலேயே நின்றிருந்தாள், நல்ல உடுப்புப் போட்டு, அந்தத் துணிப்பையோடு. காரைப் பார்த்ததும் ஓடி வந்து, பாதியில் நடையாக்கிக்கொண்டாள். வாலண்டைன் இறங்கி மறுபக்கக் கதவைத் திறக்கப் போனான். உள்ளே டக்கென்று பூட்டு விழுந்தது.

"சம்மா, கதவைத் திற."

சமந்தா முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை.

"சம், மம்மிடா," என்றாள் எவ்லின். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள்.

சமந்தா ஓட்டுநர் பக்கத்துத் திறந்த கதவு வழியாகத் தகப்பனைத்தான் பார்த்துச் சொன்னாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை டேடி. மம்மி நாள் வெள்ளிக்கிழமை. நீங்கதான் சொன்னீங்க. நான் எல்லா வெள்ளிக்கிழமையும் வந்தேன். இன்னைக்கு நான் வரல."

அழாமல் சொன்னாள். குறும்பாகவும் சொல்லவில்லை. பஸ்ஸை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்க்கிற அவனுடைய முகம் அப்படியே அந்தக் குட்டி முகத்தில் இருந்தது. அவன் கையை நீட்டி உள்ளிருந்து பூட்டை எடுக்கப் போனான்.

"வேணாங்க," என்றாள் எவ்லின். "இழுக்காதீங்க. ஒரு தடவ இழுத்தது போதும்."

ஏர்கான் ஓடட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் கதவைச் சாத்தினான். பேச்சியம்மாள் ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தாள், அதை வாலண்டைன் உள்ளே கொடுத்தான். சமந்தா வாங்கிச் சாப்பிட்டாள். மைலோவையும் குடித்தாள். வெளியே பார்க்கவில்லை. எவ்லின் காருக்குப் பக்கத்தில், மரத்து வேரில் உட்கார்ந்துகொண்டாள். துணிப்பையை மடியில் வைத்திருந்தாள். உள்ளே என்ன என்று வாலண்டைன் கேட்கவில்லை. அவளும் காட்டவில்லை.

மூன்று மணிக்கு மேல் சமந்தாவின் தலை சாய்ந்தது. விடிகாலையில் பூசைக்கு எழுந்த பிள்ளை, வயிறு நிறைந்ததும் தூங்கிவிட்டாள். முகம் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது. எவ்லின் எழுந்து கிட்டப் போய் நின்றாள். அப்போதுதான் மகளை முழுசாகப் பார்த்தாள்.

"முன்பல்லு விழுந்து முளைச்சிருக்கு," என்றாள்.

"ம்."

"இந்தத் தழும்பு என்ன, புருவத்துல?"

"ஸ்கூல்ல விழுந்துட்டா. ரெண்டு தையல்."

"அழுதாளா?"

"அழுதா. உன்னைத்தான் கூப்பிட்டா."

எவ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. பிள்ளை விழித்துவிடக் கூடாது என்று அப்படி அழுதாள். வாலண்டைனுக்கும் கண் நிறைந்தது. அவன் கார் மேல் கையை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். மன்னிப்பு என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, ஆனால் யாரிடம் முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

ஐந்து மணி ஆயிற்று. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை, அவன் உடம்புக்கே தெரியும்.

"டைம் ஆச்சு, கிளம்புங்க," என்றாள் எவ்லின். "அவ முழிச்சதும், நான் இங்கயே இருந்தேன்னு சொல்லுங்க. போகவே இல்லைன்னு சொல்லுங்க."

"நான் சொன்னா இனிமே நம்ப மாட்டா எவ்லின்," என்றான் வாலண்டைன். "முழிக்கட்டும். நீயே இருந்து காட்டு."

மேடானில் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். சமந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். எவ்லின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். வாலண்டைன் வண்டியை எடுக்கவில்லை.